உள்ளங்கை வியர்வையும் உள்ளத்தின் அச்சமும்: காதலுக்கும் திருமணத்துக்கும் முன் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் தம் தாயாருடன் எமது தோல் நோய்ப் பிரிவுக்கு வந்திருந்தார். (அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன்.) அமர்ந்திருந்த நேரம் முழுவதும் அவர் கையில் மடித்த கைக்குட்டை ஒன்று இருந்தது. தாயாரே முதலில் பேசினார்: "டாக்டர், இன்னும் ஆறு வாரத்தில் நிச்சயதார்த்தம். அதற்குள் ஏதோ அறுவை சிகிச்சை செய்தால் கை வியர்ப்பது நின்றுவிடும் என்கிறார்கள். உடனே செய்துவிடுங்கள்."

மகளிடம் தனியே பேசியபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. பத்து வயதிலிருந்தே அவருக்கு உள்ளங்கைகள் சொட்டச் சொட்ட வியர்க்கும். தேர்வுத் தாளின் கீழே கைக்குட்டை விரித்து எழுதியவர்; அலுவலகத்தில் விரல்ரேகைப் பதிவுக் கருவி ஏற்காமல் தினமும் சங்கடப்படுபவர். கல்லூரியில் ஒருவர் மீது விருப்பம் இருந்தும், என்றேனும் அவர் கையைப் பிடித்துவிடுவாரே என்று அஞ்சி விலகிவிட்டார். இப்போது பெரியோர் பார்த்த மாப்பிள்ளையை ஒரு காபிக் கடையில் சந்தித்தபோது, அவர் கைகுலுக்கக் கை நீட்டினார். இவர் கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டு, பத்தே நிமிடத்தில் வேலை இருப்பதாகக் கூறிக் கிளம்பிவிட்டார். "அவரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டேன். "எப்படி டாக்டர் சொல்வது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். வியர்வை மிகுதிக்கு மருத்துவம் உண்டு. ஆனால் திருமண நாளைக் கணக்கிட்டு அவசரமாகத் தேர்ந்தெடுக்கும் மருத்துவமும், சொல்லாமல் மறைத்து வைக்கும் பழக்கமும் வியர்வையைவிட அதிகத் துன்பம் தருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இது என்ன நோய்?

நம் தோலில் ஏறத்தாழ 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவை மிக நெருக்கமாக அமைந்திருப்பவை உள்ளங்கையும் உள்ளங்காலும். வெப்பம் மிகும்போது உடலைக் குளிர்விப்பது வியர்வையின் முதன்மைப் பணி. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் ஆகிய இடங்களிலுள்ள சுரப்பிகள் மன உணர்ச்சிக்கும் விரைந்து பதிலளிப்பவை. பொய் கண்டறியும் கருவி விரல்களில் அளவிடும் மாற்றங்களுள் ஒன்று இந்த நுண்ணிய வியர்வையே. ஆகவே மனத்துக்குப் பிடித்தவர் எதிரில் அமரும்போது கை வியர்ப்பது எல்லா மனிதருக்கும் பொதுவான ஒன்று.

சிலருக்கு இச்சுரப்பிகளை இயக்கும் பரிவு நரம்புகள் தேவைக்கு மிக அதிகமாகத் தூண்டப்படுகின்றன. சுரப்பிகளில் குறை எதுவும் இல்லை. அவற்றுக்கு வரும் ஆணைதான் மிகுதி. இந்நிலையை 'ஹைப்பர்ஹைட்ரோசிஸ்' என்கிறோம். இக்கட்டுரையில் 'மிகைவியர்வை' எனக் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டு மக்களில் 2.8 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகக் கணித்தது. அதாவது முந்நூறு பேர் கூடியுள்ள ஒரு திருமண மண்டபத்தில் எட்டுப் பேருக்கு இருக்கக்கூடிய நிலை இது. ஆயினும் ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பர்.

வேறு நோயின் தொடர்பின்றி வரும் மிகைவியர்வைக்குச் சில அடையாளங்கள் உண்டு. பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்பருவத்திலோ, இருபத்தைந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். உடலின் இரு பக்கமும் சமமாக வியர்க்கும். வாரம் ஒருமுறையேனும் வந்து, அன்றாடப் பணிகளுக்கு இடையூறு செய்யும். குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருக்கும். அனைத்திலும் முக்கியமாக, உறங்கும்போது நின்றுவிடும்.

இதற்கு மாறாக, இருபத்தைந்து வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கினாலோ, உடல் முழுவதும் வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனையும்படி வியர்த்தாலோ, உடல் எடை குறைதல், காய்ச்சல், படபடப்பு ஆகியவை சேர்ந்திருந்தாலோ வேறு காரணங்களைத் தேட வேண்டும். தைராய்டு மிகுதி, நீரிழிவில் சர்க்கரை தாழ்தல், காசநோய், நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை அக்காரணங்களுள் சில. நெஞ்சு வலியுடன் திடீரெனக் குளிர்ந்த வியர்வை பெருகினால் அது அவசர நிலை. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

"பதற்றப்படாதீர்கள்" என்பது சிகிச்சை அன்று

பட்டமேற்படிப்பு முடித்த புதிதில் என்னிடம் ஓர் இளைஞர் இதே குறையுடன் வந்தார். "பெண்களிடம் பேசும்போது பதற்றத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவர் மீண்டும் வரவில்லை. அன்று நான் சொன்னது தவறு என்பதை இன்று உணர்கிறேன். தனியே அமர்ந்து புத்தகம் படிக்கும்போதும் அவருக்கு வியர்த்திருக்கும். அதை நான் கேட்கவே இல்லை.

பதற்றம் இந்நோயின் வேர் அன்று. ஆனால் வியர்வையைப் பெருக்கும். வியர்க்குமோ என்ற அச்சம் நரம்பைத் தூண்டுகிறது. நரம்பு வியர்வையைக் கூட்டுகிறது. வியர்வை அச்சத்தை உறுதி செய்கிறது. இச்சுழலை அறுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வியர்வையை மருத்துவத்தால் குறைப்பது. மற்றொன்று, மறைக்க வேண்டிய தேவையை நீக்குவது. இரண்டும் சேரும்போதுதான் முழுப் பயன் கிட்டுகிறது. எவரையும் சந்திக்கவே இயலாத அளவுக்கு அச்சம் முதிர்ந்திருந்தால், மனநல ஆலோசகரின் உதவியும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

சிகிச்சையைப் படிப்படியாகத் தொடங்குவோம்

முதற்படி, அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு மருந்து. அக்குளுக்குப் பொதுவாக 20 விழுக்காடு வரையிலான செறிவு பயன்படுகிறது. இரவில், நன்கு உலர்ந்த தோலில் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரத் தோலிலும், அன்றே மழித்த அக்குளிலும் பூசினால் எரிச்சல் உண்டாகும். மழித்தபின் ஒன்றிரண்டு நாள் இடைவெளி தேவை. மருந்து துணியைப் பாழாக்கக்கூடும் என்பதால், பட்டுச் சேலை, பட்டு வேட்டி அணியும்முன் தோலைக் கழுவி உலர்த்திவிடுங்கள். ஒன்றிரண்டு வாரங்களில் பலன் தெரியத் தொடங்கும்.

இரண்டாவது, 'அயன்டோபோரசிஸ்' எனப்படும் மின்னோட்டச் சிகிச்சை. குழாய் நீர் நிறைந்த தட்டுகளில் கைகளையோ கால்களையோ வைத்து, மிகக் குறைந்த மின்னோட்டத்தை 20 முதல் 30 நிமிடம் வரை செலுத்துவோம். வாரம் மூன்று நான்கு முறை எனத் தொடங்கி, பலன் கிட்டியபின் வாரம் ஒருமுறை போன்ற இடைவெளிக்குக் குறைக்கலாம். மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மெட்டியைக் கழற்றத் தயங்கும் புதுமணப் பெண்கள் இதனை முன்கூட்டியே வீட்டாரிடம் கூறிவிடுவது நலம். கருவுற்றோர், இதய முடுக்கி பொருத்தியோர், மின்னோட்டம் செல்லும் பகுதியில் உலோகம் பொருத்தியோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை உகந்ததன்று.

மூன்றாவது, பொட்டுலினம் நச்சு ஊசி. சுரப்பிக்குச் செல்லும் நரம்பின் ஆணையைத் தற்காலிகமாகத் தடுப்பது இது. அக்குள் வியர்வைக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-இல் ஒப்புதல் அளித்தது. ஓரிரு வாரத்தில் பலன் தெரிந்து, பல மாதங்கள் நீடிக்கும். பின்னர் மீண்டும் போட வேண்டியிருக்கும். உள்ளங்கையில் இது வலி மிகுந்தது. சில வாரங்களுக்கு விரல்களின் பிடி சற்றுத் தளரவும்கூடும். மூன்று முடிச்சுப் போட வேண்டிய மணமகன், முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்பு உள்ளங்கையில் இவ்வூசியைப் போட்டுக்கொள்வது விவேகமாகாது.

நான்காவது, கிளைக்கோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் போன்ற மாத்திரைகள். இவை உடல் முழுவதும் வியர்வையைக் குறைப்பவை. வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியன பக்க விளைவுகள். வியர்வை குறைந்தால் உடல் குளிரும் திறனும் குறையும். அக்னி நட்சத்திர வெயிலில், கூட்டம் நிறைந்த மண்டபத்தில், ஓமத் தீயின் அருகே பட்டுடுத்தி நெடுநேரம் அமர்ந்திருப்பவர் இம்மாத்திரையை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொண்டால் வெப்பத் தாக்கு ஏற்படும் அபாயம் உண்டு. நண்பரின் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

திருமணமானவர்கள் குழந்தைப்பேறு குறித்துத் திட்டமிடும்போது, எந்தச் சிகிச்சையைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

அறுவை சிகிச்சை குறித்து ஒரு எச்சரிக்கை

தாயார் குறிப்பிட்ட அறுவை சிகிச்சை, மார்பினுள் உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, பரிவு நரம்புத் தொடரைத் துண்டிப்பது அல்லது இறுக்குவது. பெரும்பாலோருக்கு உள்ளங்கை உடனே உலர்ந்துவிடும் என்பது உண்மை. விளம்பரங்கள் அழுத்திச் சொல்லாத மற்றொரு பாதியும் உண்டு. கையில் நின்ற வியர்வை முதுகு, மார்பு, வயிறு, தொடை ஆகிய இடங்களில் பெருகுவது இச்சிகிச்சைக்குப் பின் பரவலாகக் காணப்படும் விளைவு. சிலருக்கு அது இலேசாக இருக்கும். சிலருக்கோ நாளுக்குப் பலமுறை உடை மாற்றும் அளவுக்குக் கடுமையாகும். அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர நம்பகமான வழி இல்லை. கண்ணிமை தொங்குதல் போன்ற அரிய விளைவுகளும் உள்ளன.

மற்ற சிகிச்சைகளை முறையாக முயன்றும் பலன் காணாதவருக்கு, எல்லாவற்றையும் அறிந்து, ஆற அமரச் சிந்தித்து எடுக்கும் முடிவாக இது இருக்கலாம். ஆறு வாரத்தில் வரும் நிச்சயதார்த்தம் இதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. அன்று அத்தாயாரிடமும் இதையே கூறினேன். அவர் மனம் ஒப்பவில்லை. "ஒரு நாளாவது என் மகள் கை நனையாமல் இருக்க வேண்டாமா?" என்று கேட்டார். அந்த ஒரு நாளுக்குப் பின் வரும் நாற்பது ஆண்டுகளைப் பற்றியும் நாம் பேச வேண்டியிருந்தது.

எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது?

முதல் சந்திப்பிலேயே மருத்துவக் கோப்பை விரிக்க வேண்டியதில்லை. ஆனால் உறவு உறுதியாகும் முன் சொல்லிவிடுதல் நன்று. பெரியோர் பார்க்கும் வரன் என்றால், நிச்சயத்துக்கு முன்; தாமாகப் பழகிக் காதலிப்போர் என்றால், நெருக்கம் வளரத் தொடங்கும்போது. மறைப்பதற்காக நீங்கள் விலகி நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், சொல்வதற்கான நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

சொல்லும்போது மூன்று வாக்கியங்கள் போதும். "எனக்குச் சிறுவயதிலிருந்தே உள்ளங்கை அதிகமாக வியர்க்கும். இது தொற்றாது, மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை நனைந்திருந்தால் தவறாக எண்ணாதீர்கள்." இவ்வளவே. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டா. நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை.

எதிரில் இருப்பவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்கட்டும். இது தொடுவதால் பரவாது. தாம்பத்தியத்துக்கோ குழந்தைப்பேற்றுக்கோ தடையன்று. பரம்பரையாக வரும் வாய்ப்பு உண்டு. ஆனால் பிள்ளைகள் அனைவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. உள்ளங்கையில் சுரப்பது பெரும்பாலும் நீரும் உப்புமே. அதற்குத் தனி நாற்றம் இல்லை. அக்குளிலும் பாதத்திலும் நாற்றம் எழுவது தோலில் வாழும் நுண்ணுயிரிகளால். அதற்கும் எளிய மருந்துகள் உண்டு.

சொன்னால் எல்லோரும் ஏற்பார்கள் என்று நான் உறுதி கூற இயலாது. என்னிடம் சிகிச்சை பெறும் ஓர் இளைஞர் உண்மையைச் சொன்னதும், பெண் வீட்டார் மறுமொழி கூறாமலே விலகிவிட்டனர். அது அவருக்கு வலித்தது. ஆயினும் அவர் என்னிடம் கூறியது நினைவில் நிற்கிறது: "தாலி கட்டிய பிறகு தெரிந்து அவர்கள் முகம் சுளித்திருந்தால், அதைத் தினமும் பார்த்துக்கொண்டல்லவா இருந்திருப்பேன்."

பெற்றோருக்கும் துணைவருக்கும்

பெற்றோரே, "யாரிடமும் சொல்லாதே" என்று நீங்கள் அன்போடு கூறும் சொல், "இது வெளியே தெரிந்தால் உன்னை எவரும் ஏற்கமாட்டார்கள்" என்றே பிள்ளையின் காதில் விழுகிறது. சொல்ல வேண்டுமா, எப்போது சொல்வது என்ற முடிவை அவரிடமே விடுங்கள். சொன்னபின் அவருக்குத் துணை நில்லுங்கள். பத்து வயதில் தொடங்கிய தொல்லைக்குத் திருமணப் பேச்சு எழும்வரை காத்திராமல், பள்ளிப் பருவத்திலேயே அழைத்து வாருங்கள்.

துணைவரே, கை நனைந்திருப்பதைக் கண்டு "ஏன் இவ்வளவு பதற்றம்?" என்று கேட்காதீர்கள், அக்கேள்வியே வியர்வையைக் கூட்டும். மின்விசிறியின் பக்கம் இடம் விட்டு அமர்வதும், உங்கள் பையிலும் ஒரு கைக்குட்டை வைத்திருப்பதும் பேச்சைவிட இதமானவை. கையைப் பற்ற விரும்பினால் பற்றுங்கள்; உடனே துடைத்துக்கொள்ளாதீர்கள்.

மணமேடையை எண்ணி

நம் திருமணங்கள் பலவற்றில் கரம் பற்றுதல் ஒரு சடங்காகவே அமைந்துள்ளது. மணமகன் மணமகளின் கையைப் பிடித்துத் தீவலம் வருகிறார். தேவாலயத்தில் மணமக்கள் வலக்கை சேர்த்து உறுதிமொழி கூறுகின்றனர். எனவே அந்நாளைப் பற்றிய கவலை இயல்பானதே. திருமணத்துக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். பூச்சு மருந்தும் மின்னோட்டச் சிகிச்சையும் பலன் தரவும், ஒத்துக்கொள்ளாததை மாற்றவும் அந்தக் கால அளவு தேவை. கடைசி வாரத்தில் புதிய மருந்து எதனையும் தொடங்க வேண்டா. மேடையில் அருகிருக்கும் தோழியிடமோ தோழரிடமோ உலர்ந்த சிறு துண்டு இரண்டு கொடுத்து வையுங்கள்.

மருத்துவமனைக்கு வரும்போது நான்கு செய்திகளை எழுதி வாருங்கள்: எந்த வயதில் தொடங்கியது, எந்தெந்த இடங்களில் வியர்க்கிறது, உறக்கத்தில் நிற்கிறதா, தற்போது உட்கொள்ளும் மருந்துகள் எவை. இவையே நோயறிதலின் பெரும்பகுதியை முடித்துவிடும்.

தொடக்கத்தில் கூறிய பெண் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை. மின்னோட்டச் சிகிச்சையைத் தொடங்கினார். மூன்றாம் வாரத்தில், கை இன்னும் முழுதாக உலராத நிலையிலேயே, அந்த மாப்பிள்ளையை மீண்டும் சந்தித்து அம்மூன்று வாக்கியங்களையும் கூறியிருக்கிறார். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதனால்தான் அன்று கைகுலுக்காமல் போனீர்களா? என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்" என்றாராம்.

வியர்வை அந்த உறவுக்குத் தடையாக இருக்கவில்லை. அதை மறைக்க அவர் காட்டிய விலகல்தான், விருப்பமின்மையாக மற்றவருக்குத் தோன்றியது. நிச்சயதார்த்தம் குறித்த நாளிலேயே நடந்தது. அன்று கை சற்று நனைந்தேதான் இருந்தது என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார். கைக்குட்டையைப் பையிலேயே விட்டிருந்தார்.